எங்க கட்டப் போறீங்க என்று கேட்கிற கொடிக்கடை

கடையின் பெயரைப் போட வேண்டாம் என்று கடைக்காரரே கேட்டுக்கொண்டார். "எல்லாக் கட்சிக்காரங்களும் வந்து போற எடமுங்க அம்மிணி. நீங்க நல்லதா எழுதினாக்கூட, இதுல என்ன உள்குத்து இருக்குதுன்னு ஒருத்தரு தேடுவாரு" என்றார். சரி, பெயர் இல்லை. திருப்பூர் குமரன் நினைவிடத்திலிருந்து நடந்து போகிற தூரம். கீழே நூல்கண்டும் பட்டனும் விற்கிற கடை, அதை ஒட்டிச் செங்குத்தாக ஒரு மாடிப்படி. அந்தச் சந்தில் நின்று கொடிக்கடை எங்கே என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள்.

நான் 22 வருஷம் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவள். எந்தத் துணி கைக்கு வந்தாலும் முதலில் பின்பக்கம் திருப்பித் தையலைப் பார்க்கிற புத்தி இன்னும் போகவில்லை. கல்யாண வீட்டில் சம்பந்தியம்மாவின் முந்தானையைத் திருப்பிப் பார்த்து வீட்டுக்காரரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். இந்தக் கடையில் இதுவரை மூன்று ஆர்டர் கொடுத்திருக்கிறேன். மூன்றையும் அதே கண்ணோடுதான் பார்த்தேன்.

முதல் தடவை போனது எங்கள் வீதி குடியிருப்போர் சங்கத்துக்காக. ஆகஸ்ட் 15-க்குத் தேசியக் கொடி 60 வேண்டும், 30-க்கு 20 இஞ்ச் என்றேன். விலையைச் சொல்வதற்கு முன்னால் அவர் கேட்டது ஒன்றுதான்: "எங்க கட்டப் போறீங்க?"

எங்கே கட்டினால் இவருக்கு என்ன என்று நினைத்தேன். காரணம் இருந்தது. கேட்டில் செருகுவது என்றால் கம்பு நுழைகிற பட்டி அகலமாக வேண்டும். மொட்டைமாடி என்றால் காற்று அதிகம், ஓரத்தில் இரட்டைத் தையல் வேண்டும். தெருவிளக்குக் கம்பத்தில் கட்டப் போகிறோம் என்றால் அவர் தரமாட்டார். ஏற்கெனவே வேறு கொடி கட்டியிருக்கிற கம்பத்தில் தேசியக் கொடியைக் கட்டக் கூடாது, அதற்கு மேலே வேறு கொடி பறக்கக் கூடாது என்று கொடி விதிகளிலேயே இருக்கிறது என்று சொன்னார். 2002 ஜனவரி 26-லிருந்து நடப்பில் இருக்கும் விதிகள் அவருக்கு மனப்பாடம். 40-க்கு 30 இஞ்சில் தேசியக் கொடி கேட்டால் திருப்பி அனுப்பிவிடுவார். நீளமும் அகலமும் மூன்றுக்கு இரண்டு இருக்க வேண்டும், 40-க்கு 30 அந்தக் கணக்கில் வராது. கட்சிக் கொடிக்கு அந்த அளவு ஓடும், அதைத் தருவார்.

ஒரு கொடி 38 ரூபாய். பாலியஸ்டர். முன்பெல்லாம் கையால் நூற்றுக் கையால் நெய்த துணிதான் தேசியக் கொடிக்கு ஆகும். 2021 டிசம்பர் 30-ல் விதியைத் திருத்தி, பாலியஸ்டரும் மெஷின் தையலும் ஆகும் என்றார்கள். அடுத்த வருஷம் ஜூலையில் இரவிலும் பறக்கவிடலாம் என்றார்கள். ஆகஸ்டில் வீட்டுக்கு வீடு கொடி. "அந்த மாசம் பனியன்ல படம் அடிக்கிற பட்டறையெல்லாம் கொடி அடிச்சுதுங்க. சக்கரம் முட்டை மாதிரி வந்ததை எல்லாம் நாங்க பாத்தோம்" என்றார்.

வீட்டுக்கு வந்து 60-ஐயும் பரப்பி வைத்துப் பார்த்தேன். சக்கரத்தில் ஆரக்கால் 24, பென்சில் முனையை வைத்து எண்ணினேன், சரியாக இருந்தது. அங்குலத்துக்குப் பத்துத் தையல், நாலு ஓரமும் மடித்து அடித்திருந்தார்கள். கொடி கிழிவதென்றால் பறக்கிற ஓரத்தில்தான் முதலில் கிழியும். அந்த ஓரத்தில் முனைக்கு முனை ரிவர்ஸ் தையல் போட்டிருந்தார்கள். அது எனக்குப் பிடித்தது. ஈரத் துணியை வைத்துப் பத்துத் தடவை தேய்த்தேன், சாயம் ஒட்டவில்லை. ஆனால் ஏழு கொடியில் சக்கரம் நடுவில் இல்லை, கம்புப் பக்கம் அரை இஞ்ச் தள்ளி உட்கார்ந்திருந்தது. டேபிளில் துணி நகர்ந்ததைக் கவனிக்காமல் ஸ்கிரீனை இறக்கியிருக்கிறார்கள். கொண்டுபோய்க் காட்டினேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. ஏழையும் மாற்றிக் கொடுத்துவிட்டு, அந்த ஏழையும் வேஸ்ட் மூட்டையில் போடாமல் தனியாக மடித்து வைத்தார். இரவில் வீட்டுக்குப் பின்னால் வைத்து எரிப்பாராம். விதி அப்படித்தான் சொல்கிறது, நாலு பேர் பார்க்கிற இடத்தில் செய்யக் கூடாது.

கடைக்குள் ரேக்கில் கட்சிப் பெயரோ சங்கப் பெயரோ எழுதியிருக்காது. நிறம், அளவு, அவ்வளவுதான். சுவரில் ஒரே ஒரு படம், கொடி காத்த குமரன். அவர் பிறந்தது சென்னிமலை, எங்கள் ஊர்ப் பக்கம். அடிபட்டுச் செத்தது இங்கே திருப்பூரில், 1932 ஜனவரி 11-ல். படத்தில் வரைந்தவர் கொடியில் அசோகச் சக்கரத்தைப் போட்டுவிட்டார். "அப்ப சக்கரம் ஏதுங்க, ராட்டைதானுங்களே இருந்துது? 47-லதான சக்கரம் வந்தது" என்று கடைக்காரர் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார். படத்தை மட்டும் மாற்றவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் காத்திருந்தபோது தைத்து முடித்த கட்டிலிருந்து ஒரு கட்சிக் கொடியைச் சும்மா எடுத்துத் திருப்பினேன். மேலே சிவப்பு நூல். அடித்தையலில் பச்சை. முந்தின ஆர்டரின் பாபின் நூலை மாற்றாமல் தைத்திருக்கிறார்கள். எங்கள் கம்பெனியில் இதற்கு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிடுவோம், மறுபடி அடித்து வரும், அவ்வளவுதான் சங்கதி. இவர் முகம் வெளுத்துவிட்டது. "இது ஒருத்தரு கண்ணுல பட்டா, எதிர்க்கட்சிக்காரன் காசு குடுத்துச் செய்யச் சொன்னான்னு என்னைய வீதியில நிறுத்தீருவாங்கம்மிணி" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தார். நானும் நூல் அறுக்கிற ட்ரிம்மர் ஒன்றை வாங்கிக்கொண்டு பன்னிரண்டு கொடியைப் பிரித்துக் கொடுத்தேன். அன்றைக்கு டீ வாங்கித் தந்தார். அந்த டீயைப் பற்றி எழுதாமல் இருப்பது நல்லது.

இரண்டாவது ஆர்டர் எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பிக்கு, அதாவது திருவிழாவுக்கு. இங்கேதான் கடையின் அருமை தெரிந்தது.

எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் ஏழு கொடிமேடை உண்டு. கட்சிக்கு நான்கு, சமுதாயச் சங்கங்களுக்கு மூன்று. ஒன்று கட்டினால் அடுத்தது ஒரு அடி உயரமாக வரும். கடைசியாகக் கட்டினவர்கள் டைல்ஸ் ஒட்டினார்கள். 2025 ஜனவரியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, பொது இடத்தில் இருக்கும் கட்சி, சாதி, மத அமைப்புகளின் கொடிக்கம்பங்களை எல்லாம் 12 வாரத்துக்குள் எடுக்கச் சொன்னது. மார்ச்சில் இரண்டு நீதிபதிகள் அமர்வும் அது சரிதான் என்றது. வழக்கு அப்புறமும் மேலே மேலே போய்க்கொண்டிருந்தது வேறு கதை. எங்கள் ஊரில் ஒரு நாள் காலையில் கம்பத்தையெல்லாம் அறுத்து வண்டியில் ஏற்றிவிட்டார்கள். யாருடைய கம்பத்தை முதலில் அறுத்தார்கள் என்பதற்கு மட்டும் இரண்டு நாள் சண்டை. இப்போது மேடைகள் இருக்கின்றன, நடுவில் நாலு இஞ்சுக்குத் துருப்பிடித்த குழாய் நீட்டிக்கொண்டிருக்கிறது, பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் பையை வைத்துக்கொள்கிறார்கள். கம்பம் போன பிறகு கட்சிக்காரர்கள் அமைதியாகிவிட்டார்கள். சமுதாய ஆட்கள் அமைதியாகவில்லை. கம்பத்தில் காட்ட முடியாததைத் தோரணத்தில் காட்டலாம் என்று வந்து நின்றார்கள்.

பூச்சாட்டு முடிந்த கையோடு, மெயின் ரோட்டிலிருந்து கோயில்வரை கட்ட முக்கோணக் கொடித்தோரணம் 400 அடி வாங்கி வரும் வேலை என் தலையில் விழுந்தது. நகரத்தில் இருக்கிறவள், துணி தெரிந்தவள், யாரோடும் சண்டை இல்லாதவள் என்று என்னைப் பிடித்தார்கள். கடைசிக் காரணம் அந்த நோம்பியோடு போய்விட்டது.

"எங்க கட்டப் போறீங்க?" என்றார் கடைக்காரர். மெயின் ரோட்டிலிருந்து கோயில்வரை என்றேன். "நடுவுல எந்த வளவு வழியாப் போகுது?" வளவு என்றால் எங்கள் பக்கம் ஒரு சமுதாயத்தார் சேர்ந்து குடியிருக்கிற பகுதி. கிழக்கு வளவு வழியாகத்தான் என்றேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ரேக்கிலிருந்து துணித்துண்டுகளை எடுத்து மேஜையில் ஒவ்வொன்றாக வைத்தார். மஞ்சள் அம்மனுக்கு ஆகும்தான், ஆனால் பக்கத்து ஊரில் அதை ஒரு சங்கம் பிடித்துக்கொண்டது. பச்சை வைத்தால் இவர்கள். சிவப்பு மட்டும் வைத்தால் தேர்தல் வேலையா என்பார்கள். காவி இப்போது வேண்டாம். நீலம் வைத்தால் ஒரு பக்கம் கேட்கும், வைக்காவிட்டால் வேண்டுமென்றே விட்டதாக இன்னொரு பக்கம் கேட்கும். வெள்ளை என்றால் எழவு வீடா என்பார்கள். கறுப்பைச் சொல்லவே வேண்டாம்.

"அப்ப நான் எதைத்தானுங்கண்ணா வாங்கறது?"

"துணியே வேண்டாமுங்க. வேப்பிலையும் மாவிலையும் கட்டச் சொல்லுங்க. தென்னங்குருத்துல குருவி செஞ்சு தொங்கவிடச் சொல்லுங்க. ரூவாயும் மிச்சம்."

400 அடித் தோரணம் விற்க வந்த வாய்ப்பை இப்படிக் கெடுத்துக்கொள்கிற வியாபாரியை நான் பார்த்ததில்லை. ஆனால் கேட்கிற நிலையில் நான் இல்லை, ஊரில் வெறும் கையோடு போய் இறங்க முடியாது. எல்லா நிறமும் கலந்து கொடுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல முடியாது என்றேன். அவர் தலையை ஆட்டியபடியே எழுதிக்கொண்டார். அடி 9 ரூபாய், மைக்ரோ துணி, நாடா நல்ல கெட்டி. ஆறு நிறம் மாறி மாறி. தையலில் ஒரு குற்றம் சொல்ல முடியாது.

நோம்பிக்காகக் கோயில் முன்னால் அம்மனுக்குக் கம்பம் நட்ட மறுநாள் தோரணத்தைக் கட்டினோம். பார்க்க நன்றாகவே இருந்தது. அதற்கு அடுத்த நாள் விடியற்காலையில் போன் வந்தது. போய்ப் பார்த்தால், கிழக்கு வளவைத் தாண்டுகிற இடம்வரை தோரணத்தில் ஒரே ஒரு நிறத்தை மட்டும் காணோம். ஐந்து கொடி, ஓர் ஓட்டை, ஐந்து கொடி, ஓர் ஓட்டை. பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. எந்த நிறம் என்று எழுதமாட்டேன், எழுதினால் இதைப் படிக்கிறவர்கள் கட்சி பிரிந்துவிடுவீர்கள். நான் நாடாவைக் கையில் பிடித்துப் பார்த்தேன். பிய்த்து எடுக்கவில்லை, கத்திரியாலும் வெட்டவில்லை. துணியைத் தொடாமல் தையல் நூலை மட்டும் ஒவ்வொன்றாக அறுத்து எடுத்திருந்தார்கள். அது ட்ரிம்மர் வேலை. இரவு முழுக்க ஏணியை வைத்து, அவ்வளவு சுத்தமாக. எங்கள் ஊரில் பாதி வீட்டில் ஆள் பனியன் கம்பெனிக்குப் போகிறது. செய்த கை என் தொழிலில் பழகிய கை என்பது எனக்குத் தெரிந்தது. யார் என்று பேச்சு வந்தபோது நான் வாயைத் திறக்கவில்லை.

விஷயத்தைக் கடைக்காரரிடம் சொன்னபோது, நான்தான் சொன்னேனே என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. இடைவெளிக்கு அம்பது கொடி தைத்துத் தரட்டுமா என்றும் கேட்கவில்லை. "மிச்சத்தையும் கழட்டீட்டு வேப்பிலை கட்டீட்டீங்களா?" என்றுதான் கேட்டார். கட்டிவிட்டோம்.

இந்தக் கடைக்கு வேலை குவிகிற மாதம் ஆடி. ஆடி 1 மாவீரன் பொல்லான் நினைவு நாள், நல்லமங்காபாளையத்துக்கு வண்டி போகும். ஆடி 18 தீரன் சின்னமலை நினைவு நாள், ஓடாநிலைக்கும் சங்ககிரிக்கும் வண்டி போகும். இரண்டு பேரும் ஒரே படையில் நின்று வெள்ளைக்காரனோடு சண்டை போட்டவர்கள். இப்போது ஆளுக்கொரு சமுதாயம் கொண்டாடுகிறது, இரண்டு நாளுக்கும் போலீஸ் தனித்தனியாக நேரமும் வழியும் குறித்துத் தருகிறது. கடைக்காரர் ஆடி 1 ஆர்டரை டெலிவரி கொடுத்து முடிக்கிறவரை ஆடி 18 கொடியை வெளியில் எடுத்துப் பரப்பமாட்டார். வாங்க வருகிறவர்கள் ஒருத்தரை ஒருத்தர் படிக்கட்டில் பார்க்க வேண்டாம் என்று நேரம் பிரித்துச் சொல்கிறார். செங்குத்தான படி, ஒதுங்கி வழிவிடவும் இடம் கிடையாது.

பள்ளிக்கூடப் பையன்கள் சாதி தெரியக் கையில் கட்டுகிற வண்ணக் கயிறு கேட்டும் வருகிறார்களாம். அதை மட்டும் எந்தக் காலத்திலும் தொட்டதில்லை என்றார். 2024 ஜூனில் நீதிபதி சந்துரு குழு பள்ளிகளில் அந்தக் கயிறே கூடாது என்று அறிக்கை கொடுத்தபோது, பேப்பரில் வந்ததை வெட்டி மிஷின் மேல் ஒட்டியிருக்கிறார்.

மூன்றாவது ஆர்டர் கடல் தாண்டிப் போனது. என் அக்கா மகள் வட அயர்லாந்தில் பெல்ஃபாஸ்டில் நர்சாக இருக்கிறாள். அங்கே இருக்கிற நம் ஆட்கள் சுதந்திர தினத்துக்கு ஒரு மண்டபத்தில் கூடுகிறார்கள். கைக்கொடி 40, மேடைக்குப் பின்னால் கட்ட 36-க்கு 24 ஒன்று. கடைக்காரர் வழக்கம் போலக் கேட்டார். நான் அங்கேயே நின்று அவளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"சித்தி, மண்டபத்துக்கு உள்ளேதான். வெளியில ஜன்னல்ல எல்லாம் தொங்கவிடமாட்டோம்" என்றாள். ஏன் கண்ணு என்றால் பெரிய கதையே சொன்னாள். அந்த ஊர் நகர மன்றக் கட்டடத்தின் மேல் 1906 முதல் தினமும் பிரிட்டன் கொடி பறந்ததாம். பிரிட்டனோடு இருக்க வேண்டும் என்கிறவர்களுக்கு அது தினமும் வேண்டும். அயர்லாந்தோடு சேர வேண்டும் என்கிறவர்களுக்கு அது இருக்கவே கூடாது. 2012 டிசம்பர் 3-ல் மன்றத்தில் ஓட்டெடுத்து, நடுவில் இருந்த கட்சியின் யோசனைப்படி, குறிப்பிட்ட சில நாட்களில் மட்டும் ஏற்றலாம் என்று 29-க்கு 21-ல் முடிவாயிற்று. அன்று இரவே அடிதடி, அப்புறம் மாதக்கணக்கில் மறியல். இன்றைக்கும் ஒரு வீதியில் நடைபாதைக் கல்லில் சிவப்பு வெள்ளை நீலம் அடித்திருப்பார்கள், இரண்டு வீதி தள்ளிப் பச்சை வெள்ளை ஆரஞ்சு. பிரிட்டன் பக்கத்து ஆட்கள் ஜூலை 12 ஊர்வலத்துக்கு விளக்குக் கம்பத்தில் கட்டுகிற கொடியை யாரும் அவிழ்க்க மாட்டார்கள், மழையில் நைந்து நூலாகிற வரைக்கும் தொங்கும். 2016-ல் ஒரு குழு போட்டு, 2021 டிசம்பரில் அதன் அறிக்கை வந்தது. கம்பத்துக் கொடிக்கு அதிலும் ஒரு வழி பிறக்கவில்லை.

"பச்சை வெள்ளை ஆரஞ்சுங்களா?" என்று கடைக்காரர் எழுந்துவிட்டார். நம் கொடி ஒன்றை எடுத்துக் கயிற்றில் நெட்டுக்குத்தாகத் தொங்கவிட்டார். நெட்டுக்குத்தாகத் தொங்கவிட்டால் பார்க்கிறவருக்கு இடது கைப் பக்கம் காவி வர வேண்டும், அதுதான் விதி. அயர்லாந்துக் கொடியில் கம்பை ஒட்டிப் பச்சை, நடுவில் வெள்ளை, கடைசியில் ஆரஞ்சு. "அப்ப நம்ம கொடியைப் பின்பக்கம் இருந்து பாத்தா அவிங்க கொடி" என்று சுற்றிப் போய் நின்றுகொண்டார். சக்கரம் மட்டும்தான் வித்தியாசம், தெரு முனையிலிருந்து பார்த்தால் அதுவும் தெரியாது. இதற்குத்தான் ஜன்னல் வேண்டாம் என்று அவர்கள் முன்பே முடிவு செய்திருந்தார்கள்.

அயர்லாந்துக் கொடியில் பச்சை கத்தோலிக்கருக்கு, ஆரஞ்சு பிராட்டஸ்டன்ட்டுகளுக்கு, நடு வெள்ளை இரண்டு பேருக்கும் சமாதானத்துக்கு என்றுதான் 1848-ல் வைத்தார்களாம். கடைக்காரர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "நல்ல துணியில தெச்சிருப்பாங்களா?" என்றார். மழை பெய்கிற ஊர், பாலியஸ்டராகத்தான் இருக்கும் என்றேன்.

பார்சல் சரியாகப் போய்ச் சேர்ந்தது. மடிப்பு விழாமல் அட்டைக் குழாயில் சுற்றி அனுப்பியிருந்தார், அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை. அவள் அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கி ஓரத் தையலைப் பார்த்தேன். நன்றாக இருந்தது. சக்கரம் நடுவில்தான்.

குறைகளைச் சொல்லாமல் விட்டால் செக்கிங் வேலைக்கே அசிங்கம். சொன்ன தேதிக்கு ஒரு தடவைகூடக் கொடுத்ததில்லை. இரண்டு நாள் கூட்டியே கணக்குப் போடுங்கள். முட்டி வலி உள்ளவர்கள் படியேற முடியாது, கீழே இருந்து போன் பண்ணினால் பையனை அனுப்புவார். தேசியக் கொடிக்கு வரி கிடையாது, மற்றதற்குப் பில் கேட்டால்தான் எழுதுகிறார், நீங்களே கேட்டு வாங்குங்கள். இருபது கொடிக்குக் குறைந்தால் எடுக்கமாட்டார், பெல்ஃபாஸ்டுக்குப் பெரிய கொடி ஒன்று தைத்தது என் முகத்துக்காக. ஆனி கடைசியிலிருந்து ஆடி 18 வரைக்கும் அந்தப் பக்கமே போகாதீர்கள். அஞ்சுக்கு நாலு மார்க் கொடுப்பேன். டீயைச் சேர்த்தால் மூன்றரை.

போன வாரம் பாக்கிப் பணம் கொடுக்கப் போனபோது மேல் ரேக்கிலிருந்து ஒரு மஞ்சப்பையை இறக்கினார். "உங்க ஊருப் பேரு போட்டிருக்குதுங்க, ஆளுங்க வரலை" என்றார். உள்ளே 60-க்கு 40-ல் இரண்டு கொடி. கம்பத்தை அறுப்பதற்கு முந்தி பஸ் ஸ்டாப்புக்காக ஆர்டர் கொடுத்தது, பாதிப் பணம் அட்வான்ஸ். சீட்டைப் பார்த்தேன். ஒன்று என் கொழுந்தனார் பெயரில். இன்னொன்றில் இருந்தது எங்கள் வீட்டில் சொல்லக் கூடாத பெயர். ஊருக்குத்தான் போகிறேன், கொண்டுபோய்க் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"ரெண்டையுமா?" என்றார்.

யோசித்துவிட்டுக் கொழுந்தனாருடையதை மட்டும் வாங்கிக்கொண்டேன். மடிப்பைப் பிரித்து அடித்தையலைப் பார்த்தேன், பாபின் நூல் சரியான நிறம்தான். பையை மறுபடி மேலே வைத்தார்.